போகம்பரை மைதானமும் மக்கள் போகும் வழியும்

(கண்டியில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)

விடியுமுன் எழுந்து மரக்கறி மூட்டைகளை லொறியில் ஏற்றிவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் உழவர் பெருமக்களே! மருத்துவ, ஆசிரிய நண்பர்களே!

விளையாட்டரங்கைப் பற்றிப் பேசுவதற்கு நீதிமன்றத்திற் பேசிப் பிழைப்பவருக்கு என்ன உரிமை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பந்தாட்டத்தின் நுட்பம் நமக்குத் தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். ஆனால், ஆட்டம் பார்க்க வருகிறவன் எவ்வழியே வருவான், பார்த்து முடிந்ததும் எவ்வழியே போவான், அவன் வந்துபோகும் அதே வேளையில் நோயாளி எவ்வழியே மருத்துவமனை சேருவான், உங்கள் கோவாவும் லீக்சும் எவ்வழியே சந்தை சேரும் என்ற கேள்விகள் ஊர் மக்கள் எல்லோருக்கும் உரியவை. அவற்றைக் கேட்கவே இன்று வந்திருக்கிறோம்.

இந்நகரின் அமைப்பைச் சிறிது நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் மலை, மூன்று பக்கமும் மகாவலி, நடுவிலே ஒரு கிண்ணம். அக்கிண்ணத்தின் அடியில் வாவியும் மாளிகையும் சந்தையும் புகையிரத நிலையமும் மருத்துவமனையும் நீதிமன்றமும் பாடசாலைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. வெளியேறும் வழிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை: பேராதனைப் பக்கம் ஒன்று, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒன்று, தென்னக்கும்புர வழியாக மகியங்கனைப் பக்கம் ஒன்று. மற்றவையெல்லாம் மலையிடுக்கிலே வளைந்து செல்லும் ஒடுங்கிய தெருக்கள். அரசர்கள் இவ்விடத்தைத் தேர்ந்ததே பகைவன் எளிதில் உள்ளே வரக்கூடாது என்பதற்காகத்தான். இன்று பகைவன் இல்லை. பஸ்தான் வரமுடியாமல் நிற்கிறது!

1998ஆம் ஆண்டு ஜனவரியில் தலதா மாளிகையிலே குண்டு வெடித்த பின்னர், மாளிகையின் முன்னுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. காரணத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் அந்த ஒரு வீதி தாங்கிய பாரம் முழுவதும் வாவியைச் சுற்றிச் செல்லும் வீதியின் தலையிலே விழுந்தது. ஒரு வீதியை மூடினால் நகரம் எவ்வளவு திணறும் என்பதைக் கண்டி மக்களுக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட கிண்ணத்தின் அடியிலேதான் போகம்பரை இருக்கிறது. முன்பு அங்கே ஒரு குளம் இருந்தது. எஹலப்பொலையின் மனைவியை 1814இல் மூழ்கடித்த குளம் என்று வரலாறு அதனை நினைவிற் கொண்டிருக்கிறது. குளம் தூர்ந்து நிலமாயிற்று, நிலம் மைதானமாயிற்று. அயலிலே, 1876இல் ஆங்கிலேயர் கட்டிய பெருஞ்சிறை எழுந்தது. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அச்சிறை மூடப்பட்டுக் கைதிகள் பல்லேகலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உள்ளே இருந்தவன் வெளியே வர ஏங்கிய இடத்தை, வெளியே இருப்பவன் பணம் கொடுத்து உள்ளே வரும் இடமாக மாற்றவேண்டும் என்ற பேச்சு அன்றுதொட்டு நடந்துவருகிறது. விடுதி என்றார்கள், கடைத்தொகுதி என்றார்கள், கலையரங்கு, கேளிக்கையரங்கு என்றார்கள். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் வரைபடங்கள் ஆட்சிக்கு ஆட்சி மாறின. மாறாதது ஒன்று: அங்கே கூடும் மக்கள் எப்படிக் கலைவார்கள் என்பதற்கு நம் மக்கள் படித்து விளங்கக்கூடிய மறுமொழி இதுவரை அவர்கள் கைக்கு வரவில்லை.

நாம் அரங்கு வேண்டாம் என்று சொல்பவர்கள் அல்லர். தோட்டத்துப் பிள்ளைகள் காலணியின்றிச் சரிவுநிலத்திலே பந்து உதைத்துப் பழகுகிறார்கள். அவர்களுள் ஒருவன் போகம்பரையின் சமநிலத்தில் ஒருமுறை ஆடினால் அதை வாழ்நாள் முழுவதும் சொல்லிக் கொண்டிருப்பான். கிரிக்கெட்டுக்குப் பணக்காரப் புரவலர் உண்டு; உதைபந்தாட்டத்துக்கு ஏழைகளே புரவலர். 2023இல் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையைச் சில மாதங்கள் இடைநிறுத்தி வைத்தபோதும், நம் பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஆகவே மைதானம் திருந்தட்டும், விளக்கு எரியட்டும், மழைக்கு ஒதுங்கக் கூரை எழட்டும். அயலில் அரங்கு வந்து இசையும் நாடகமும் நடக்குமாயின் அதனையும் வரவேற்கிறோம். ஆனால் பந்தல் போட்ட பின்பு வாசல் எங்கே என்று தேடுகின்ற கலியாண வீட்டுக்காரர் போல நகரத்தை நடத்தலாகாது.

இதற்குச் சிலர் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். "ஆண்டுதோறும் எசலப் பெரஹெராவுக்கு இலட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்களே, நகரம் தாங்கவில்லையா?" என்கிறார்கள். தாங்குகிறது, உண்மை. எப்படித் தாங்குகிறது? வீதிகளை மூடி, பாடசாலைகளை மூடி, வழக்குகளை ஒத்திவைத்து, கடைக்காரர் தம் வாசலையே இருக்கையாக்கி, ஊரே தன் வேலையை நிறுத்திக்கொண்டு தாங்குகிறது. அது தலைமுறை தலைமுறையாகப் பழகிய வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை வருவது. கேளிக்கையரங்கின் வியாபாரமோ வாரந்தோறும் சனிக்கிழமை நடந்தாற்றான் கட்டிய கடன் அடையும். வாரந்தோறும் ஒரு பெரஹெராவை இந்நகரத்தின் நோயாளியும் மாணவனும் தாங்குவார்களா?

பல்லேகலையைப் பாருங்கள். 2007 டிசம்பரில் அஸ்கிரியவிலே முத்தையா முரளிதரன் உலக சாதனை படைத்தபோது, அச்சிறு மைதானத்துக்கு நகரத்தவர் நடந்தே சென்றார்கள். மலைமேல் அமைந்த பாடசாலை மைதானம் அது. பெருங்கூட்டத்துக்குப் போதாது என்பதில் ஐயமில்லை. 2009 நவம்பரில் பல்லேகலையிலே 35,000 பேர் இருக்கத்தக்க பேரரங்கு திறக்கப்பட்டது. 2010இல் மத்திய மாகாணசபை அதற்கு முரளிதரனின் பெயரைச் சூட்டத் தீர்மானித்தபோது நாமும் மகிழ்ந்தோம். இந்த மண்ணிலே பிறந்த தமிழ் மகனுக்குச் செய்யும் மரியாதை அல்லவா! நகரத்துக்கு வெளியே, பரந்த நிலத்திலே கட்டியதும் நல்ல எண்ணமே. ஆயினும் அங்கே செல்வதற்கு இருப்புப்பாதை இல்லை. கண்டியிலிருந்து செல்பவர்களுக்கு மகியங்கனை வீதியும் தென்னக்கும்புரப் பாலமுமே பெருவழி. குண்டசாலை, திகன, தெல்தெனிய மக்களின் அன்றாடப் போக்குவரத்துக்கும், பல்லேகலைக் கைத்தொழிற் பேட்டைக்கும், மாகாணசபை அலுவலகங்களுக்கும் அதே வீதிதான்.

சர்வதேசப் போட்டி நடந்த ஒரு மாலையில் நாம் தெல்தெனிய நீதிமன்றத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வழக்கமாக அரை மணி நேரத்தில் அடங்கும் பயணம் அன்று இரண்டரை மணி நேரத்தை விழுங்கிற்று. தென்னக்கும்புரச் சந்தியை ஒருவாறு அடைந்தபோது, ஹங்குராங்கெத்தப் பக்கத்திலிருந்து இறங்கிவந்த லொறியொன்று அசையாமல் நின்றது. அதன் சாரதியின் பக்கத்திலே இருந்தவர் ஒரு தமிழ் விவசாயி. போஞ்சி ஏற்றி வந்திருக்கிறார். இரவு தம்புள்ளைச் சந்தை சேரவேண்டும். "ஐயா, வெற்றி யாருக்கு?" என்று நம்மைக் கேட்டார். ஆட்ட முடிவைக் கேட்கிறார் என்று எண்ணிச் சொன்னோம். "அதைக் கேட்கவில்லை ஐயா, இந்தச் சந்தியைத் தாண்டும் வெற்றி உங்கள் பக்கத்துக்கா, எங்கள் பக்கத்துக்கா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பிந்திப்போன போஞ்சிக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். போட்டியின் வருமானம் ஓரிடத்துக்குப் போகிறது. போட்டியின் செலவிலே ஒரு பங்கை எந்தச் சீட்டும் வாங்காத ஒருவர் செலுத்துகிறார்.

வெளியூர்களில் இதனை எப்படிச் செய்கிறார்கள்? இலண்டனிலே வெம்பிளி என்றொரு பகுதி. நம் உறவினர் பலர் குடியேறியுள்ள இடம். ஈலிங் வீதியிலே நடந்தால் யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவில் நடப்பது போலிருக்கும் என்று போய்வந்தவர் சொல்வர். அங்கேதான் 1923இல் பெரிய விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. 1934இல் அதன் அயலிலே மூடிய அரங்கொன்றும் எழுந்தது. கண்டிக்கும் அவ்விடத்துக்கும் பழைய தொடர்பு ஒன்றுண்டு: 1948ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவில், கண்டித் திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர் டங்கன் வைற், 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் இலங்கைக்கு வெள்ளிப்பதக்கம் வென்றது அந்த வெம்பிளியிலேதான். பழைய அரங்கை இடித்து, 90,000 பேர் இருக்கத்தக்க புதிய அரங்கை 2007இல் திறந்தார்கள். அதற்கு முன்னரே வெம்பிளி பார்க் நிலையத்தை விரிவாக்கி, ஆட்டம் முடிந்து வரும் கூட்டத்தைத் தாங்கும் படிக்கட்டுகளையும் வழிகளையும் அமைத்தார்கள். நடந்து செல்லும் தூரத்தில் மூன்று புகையிரத நிலையங்கள். ஆட்ட நாட்களில் அயல் தெருக்களில் வெளியார் வாகனத்தை நிறுத்த முடியாது. குடியிருப்போருக்கு மட்டுமே அனுமதிச்சீட்டு.

இவற்றைவிட நமது கருத்தைக் கவர்ந்தது வேறொன்று. ஆண்டொன்றுக்கு எத்தனை பெரிய நிகழ்ச்சிகள் நடத்தலாம் என்பதற்கு அவ்வூர் உள்ளூராட்சி மன்றமாகிய பிரென்ட் மன்றம் வரம்பு விதித்திருக்கிறது. டொட்டன்ஹாம் கழகம் தன் மைதானத்தைக் கட்டும்வரை 2017ஆம் ஆண்டில் வெம்பிளியில் ஆட விரும்பியபோது, செல்வம் கொழிக்கும் அக்கழகம் அம்மன்றத்தின் வாசலிலே போய் நின்று, வரம்பை உயர்த்தித் தருமாறு கேட்கவேண்டியதாயிற்று. குடியிருப்போர் ஆட்சேபம் எழுதினர், மன்றம் கேட்டது, நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. இலண்டன் செல்வ நகரம், கண்டி ஏழை நகரம் என்று சொல்லித் தப்பமுடியாது. படிக்கட்டுக் கட்டப் பணம் வேண்டும்; நிபந்தனை எழுத ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும்.

கண்டியிலே போக்குவரத்துக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நேர்மையன்று. குட்செட், மணிக்கூட்டுக் கோபுரம், டொரிங்டன் என்று மூன்றாகச் சிதறிக் கிடக்கும் பஸ் நிலையங்களைப் புகையிரத நிலையத்தின் பக்கத்திலே ஒன்றுசேர்ப்பதற்கு உலக வங்கிக் கடனிலே பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. நல்ல திட்டம். 1867இல் கோப்பித் துரைமாரின் மூட்டைகளுக்காக வந்து சேர்ந்த இருப்புப்பாதை, பஸ்ஸோடு கைகோத்து மக்களைச் சுமக்குமாயின் அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அந்நிலையம் இன்றைய பயணிகளின் தொகையையும் அதன் இயல்பான வளர்ச்சியையும் எண்ணி அளக்கப்பட்டதா, அல்லது அதன் பக்கத்திலேயே எழக்கூடிய கேளிக்கையரங்கின் கூட்டத்தையும் சேர்த்து அளக்கப்பட்டதா? ஒரு கடனில் கிணறு வெட்டி, அது நிறையுமுன்னே மற்றொரு கடனில் அதன் பக்கத்தில் நீர் உறிஞ்சும் இயந்திரம் பூட்டலாமா? இரவு பத்து மணிக்கு அரங்கு கலையுமாயின், அந்நேரத்தில் பஸ் உண்டா, புகைவண்டி உண்டா? இல்லையென்றால் வருகிறவனெல்லாம் காரிலும் முச்சக்கரவண்டியிலும்தானே வருவான்? வானுயரக் கட்டடம் எழுப்பினாலும், கடைசி பஸ் ஏழரைக்கே போய்விடுமாயின் தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்வரங்கு மதிலுக்கு வெளியேதான்.

மருத்துவமனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். கண்டித் தேசிய மருத்துவமனை போகம்பரைக்குக் கூப்பிடு தூரத்திலே, வில்லியம் கோபல்லாவ மாவத்தையிலே இருக்கிறது. மத்திய மாகாணம் முழுவதிலுமிருந்தும் அதற்கப்பாலிருந்தும் கடும் நோயாளிகளை அங்கேதான் அனுப்புகிறார்கள். இரத்தம் சிந்தும் தாயை, மரத்திலிருந்து விழுந்த தொழிலாளியை, நெஞ்சுவலியால் துடிக்கும் முதியவரை ஏற்றிய அம்புலன்ஸ் மலைப்பாதையெல்லாம் கடந்து வந்து, கடைசி அரைமைலில் நிற்கும் கொடுமையை இங்குள்ள மருத்துவ நண்பர்கள் நம்மைவிட நன்கறிவர். இன்றைய சாதாரண மாலையிலேயே நிலைமை இது. ஆட்டமும் இசைவிழாவும் ஒரே மாலையில் கலையுமாயின் என்னாகும்? மைதானத்தையும் அரங்கையும் இருவேறு நிறுவனங்கள் நடத்தினால், ஒன்றின் நாட்காட்டி மற்றொன்றுக்குத் தெரியாமற் போகும். இரண்டும் ஒரே வேளையில் கலையக்கூடாது என்பதையும், அம்புலன்சுக்கென ஒரு வழி எந்நேரமும் திறந்திருக்கவேண்டும் என்பதையும் அனுமதிப்பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். பொலிசாரின் நல்லெண்ணத்துக்கு அதனை விட்டுவைத்தல் ஆகாது. நல்லெண்ணம் இடமாற்றம் பெற்றுப் போய்விடும், எழுத்து இருக்கும்.

நீரையும் மறக்கவேண்டாம். குளமாயிருந்த தாழ்நிலம் அது. வாவியிலிருந்து புறப்படும் மெதஎல நகரத்தின் மழைநீரையும் கழிவையும் சுமந்து மகாவலிக்கு ஓடுகிறது. மண்ணாயிருக்கும் நிலத்தை வாகனத் தரிப்பிடமாக்கித் தார் பூசினால், மண் குடித்த நீரும் அக்கால்வாயின் தலையிலேயே விழும். 2025 நவம்பரில் டித்வாப் புயலோடு வந்த மழை இம்மாவட்டத்திலே எத்தனை வீடுகளை மண்ணுக்குள் புதைத்தது, வீதிகளையும் இருப்புப்பாதையையும் எவ்வாறு அறுத்தது என்பதைக் கண்டவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். இனி யாராவது "மழையெல்லாம் ஒரு தடையா?" என்று கேட்டால், அவரை ஒருமுறை அச்சரிவுகளுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? இது நமது தொழில். சிறிது பொறுத்துக் கேளுங்கள். கொழும்புக் காலிமுகத் திடலை ஒரு தனியார் கம்பனிக்குப் பெரிய கேளிக்கைத் தொகுதி அமைக்கக் கொடுப்பதற்கு நகர அபிவிருத்தி அதிகாரசபை உடன்பாடு செய்துகொண்டது. சுற்றாடல் அமைப்பொன்று அவ்வுடன்பாட்டைக் காட்டுமாறு கேட்டது. முழுவதும் காட்ட மறுத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2005 நவம்பரிலே நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பேசும் உரிமை பொருளுடையதாக வேண்டுமாயின், செய்தியை அறியும் உரிமையும் அதனுள் அடங்கும்; திடல் பொதுமக்களுக்காக இருக்கவேண்டும். மற்றொரு வழக்கு பத்தரமுல்லைக் காணியைப் பற்றியது. பொதுத் தேவைக்கென்று எடுத்த நிலம் கோல்ப் ஆடும் செல்வருக்குப் போய்ச் சேர்ந்தது. 2008இல் உயர் நீதிமன்றம் அதனைக் கண்டித்து, முன்னாள் ஜனாதிபதி ஒருவரையே முப்பது இலட்சம் ரூபா செலுத்தப் பணித்தது. ஆள்பவர் நிலத்தின் உடைமையாளர் அல்லர், அதனை மக்களுக்காக வைத்திருக்கும் தர்மகர்த்தா என்பதே அத்தீர்ப்பின் உயிர். கோயிற் சொத்தைத் தின்ற தர்மகர்த்தாவை நம் ஊர்களில் எப்பெயரால் அழைப்பார்கள் என்பதை இம்மேடையிலே சொல்லவேண்டாம்.

காலிமுகத் திடலுக்காக அன்று உயர் நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது. இன்று அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தக் குடிமகனும் எழுத்திலே கேட்கலாம். தருவதா மறுப்பதா என்ற முடிவைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். தமிழிலே கேட்கலாம், தமிழிலே மறுமொழி பெறும் உரிமையை அரசியலமைப்பே தந்திருக்கிறது. இருந்தும் நம்மவர் கேட்பதில்லை. "கண்டி விஷயம், அது அவர்கள் விஷயம்" என்று படித்த தமிழர் ஒதுங்கியிருப்பதை நாம் பல கூட்டங்களிற் கண்டிருக்கிறோம். இந்நகரத்திலே வரி கட்டுவது யார்? இந்த மருத்துவமனையிலே படுத்திருப்பது யார்? இந்தச் சந்தைக்கு மரக்கறி கொண்டு வருவது யார்? பஸ்ஸின் நெற்றியிலே ஊர்ப்பெயர் தமிழில் இல்லாமையால் வழி கேட்டு அலையும் கிழவியின் பேரனல்லவா இங்கே பொறியியலாளராக அமர்ந்திருக்கிறார்? அவருக்கு வரைபடம் பார்க்கத் தெரியும். விவசாயிக்கு எந்த மணிக்கு எந்தச் சந்தியில் லொறி நிற்கும் என்று தெரியும். மருத்துவருக்கு எத்தனை நிமிடப் பிந்தல் எந்த நோயாளியைக் கொல்லும் என்று தெரியும். மூவரும் ஒரே மேசையிலே இதுவரை அமர்ந்ததில்லை.

இம்மண்டபத்தின் வாயிலிலே ஒரு மேசை போடப்பட்டிருக்கிறது. அதன்மேல் இரண்டு தாள்கள் உண்டு. ஒன்று நகர அபிவிருத்தி அதிகாரசபைக்கு: போகம்பரைச் சிறைநிலத்துக்கும் மைதானத்துக்கும் இன்று என்ன திட்டம் உண்டு, எவருக்காவது குத்தகை பேசப்பட்டிருக்கிறதா, போக்குவரத்து ஆய்வு செய்யப்பட்டதா, செய்யப்பட்டதாயின் அதன் பிரதி எங்கே என்ற நான்கு கேள்விகள். மற்றது மாநகரசபைக்கு: பஸ்ஸும் புகைவண்டியும் அம்புலன்ஸ் வழியும் உறுதியாகுமுன் எந்த அரங்குக்கும் அனுமதி கொடுக்கலாகாது, மைதானத்திலே பிள்ளைகள் இன்று போலவே ஆட வேண்டும் என்னும் மனு. கையொப்பமிடுவோர் பெயரோடு தம் ஊரையும், நகரத்துக்கு எந்த வழியே, எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பதையும் எழுதவேண்டும். லொறி வைத்திருப்போர் சந்தை நாளையும் குறித்துவிடுங்கள். எழுதத் தெரியாத தாய்மார்க்கு எழுதிக் கொடுக்க இரண்டு இளம் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்கள் முதலில் கையொப்பமிடுங்கள். மற்றவர்கள் அவர்களுக்கு வழி விடுங்கள்.